கடலைப் பார்த்து நின்ற கார்கள்

அக்டோபர் 12, ஞாயிறு. கோடை முடிந்ததும் கலங்கரை விளக்கத்தைப் பூட்டிவிடுவார்கள். விசாரிக்காமல் கிளம்பியது ஹேசலின் தவறு.

அதனால்தான் இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையைச் சுற்றிப் பார்க்க வந்த அவளும் கணவன் ராபினும், மதியமே ஒரு செங்குத்துக் கரையின் விளிம்பில் காரை நிறுத்தி மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள். பக்கத்தில் ஏழெட்டுக் கார்கள், எல்லாம் கடலைப் பார்த்து. உள்ளே ஜோடி ஜோடியாக ஆட்கள், மடியில் மீன் பொட்டலம், கையில் தேநீர்.

"நனையாம கடலைப் பாக்குறது. நம்ம ஊர் உல்லாசமே இதுதான்," என்று ராபின் சிரித்தான்.

"அந்தப் பச்சைக் கார்க்காரிக்கு எதுக்குக் கை காட்டினே?"

"அவதான் முதல்ல காட்டினா."

"தெரிஞ்சவளோ?"

"ஆரம்பிச்சுட்டியா? நம்ம சிப்ஸ்மேல தெளிக்க வினிகர் இல்ல. அவகிட்டயே கேட்டுட்டு வரேன், நீ நல்லா உத்துப் பாத்துக்க."

பார்த்தாள். அவன் பச்சைக் காரின் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறினான். வினிகர் கேட்க உள்ளே ஏறுவானேன்? கூரையில் மழை தடதடக்க, ஈரக் கம்பளியும் எண்ணெயும் கலந்த வாடையில், தன் மூச்சு படிந்து மங்கிய கண்ணாடியை அவள் சட்டைக்கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது. துடைப்பது அவள் மட்டும்தான். மற்றக் கார்களின் கண்ணாடிகள் பளிச்சென்று இருந்தன. தேநீரில் ஆவி இல்லை. கோப்பைகள் உதடு வரை உயர்ந்து, அங்கேயே நின்றன. யாரும் விழுங்கவில்லை.

ராபின் திரும்பி வந்து உட்கார்ந்தான். கையில் வினிகர் இல்லை.

"இவ்வளவு நேரம் என்ன பேசினே?"

அவன் கடலைப் பார்த்தான். மழையில் நடந்து வந்தவன்மேல் ஈர வாடை கூட இல்லை. எந்த வாடையும் இல்லை.

அவள் பக்கக் கண்ணாடி மங்கியது. அவன் பக்கம் மங்கவில்லை.

கடல் துல்லியமாகத் தெரிந்தது.

"போலாம் ராபின். ஐவி தேடுவா."

"ஐவி யாரு?"

"விளையாடாதே. நம்ம பொண்ணு. பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்தோமே."

சொல்லியிருக்கக் கூடாது.

பச்சைக் காரில் ஒரு தலை திரும்பியது. அடுத்த காரில் இரண்டு. பிறகு எல்லாத் தலைகளும். அவளை அல்ல, பின்னாலிருந்த குழந்தை இருக்கையைப் பார்த்தன.

ராபினும் திரும்பினான்.

"நாளைக்குக் காலையில ஐவியை இங்க கூட்டிட்டு வரணும்," என்றான்.