அடியில் தங்கிய தீனி

சேலையூர் ஃபிளாட்டின் கதவைத் திறந்ததுமே ஜெரூஷாவுக்கு அந்த வாடை அடித்தது, ஊறவைத்து மறந்துபோன கருவாட்டைப் போல, தொண்டையில் உப்பாய் ஒட்டிக்கொண்டு. ஹாலில் கடல்மீன் தொட்டி கஞ்சித் தண்ணீராய்க் கலங்கியிருந்தது. அடியில், வெள்ளை மணலின் மேல், மீன்கள் தின்னாத தீனி ஊறிப் பருத்துக் குவிந்து கிடந்தது. காலையில் அவள் போட்டது ஒரே ஒரு சிட்டிகை.

நான்கு நாளாக இப்படித்தான். ஆபீஸ் வேலையாய் மதுரைக்குப் புறப்பட்ட கணவன் ஜெஃப்ரியைத் தாம்பரம் ஸ்டேஷனில் இறக்கிவிட்டது அவள்தான். "மீதித் தீனி அழுகினா அம்மோனியா ஏறும், ஜெரு. இந்த மீனுங்க தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனான். அவளும் தினமும் கசடை உறிஞ்சியெடுத்து, புதிதாய் உப்புநீர் கலந்து ஊற்றினாள். மறுநாள் மாலை வந்தால் மறுபடியும் தீனி. அம்மோனியா அளக்கும் சோதனைக் குழாயில் மஞ்சளாய் இருக்கவேண்டிய நீர் கரும்பச்சையானது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து திணறின. ஒன்று செத்து மிதந்தது.

அவள் பாடம் நடத்தும் பள்ளியில் இருக்கும்போது மட்டுமே ஜெஃப்ரி போனில் பேசுவான். வீட்டுக்கு வந்துவிட்டால் மெசேஜ்தான்.

"நீயே ரெண்டு மூணு தடவை போட்டுட்டு மறந்துடுற."

"இல்லப்பா, சத்தியமா ஒரு தடவைதான்."

"உங்கம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?"

ஆசிரியர் அறையில் அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். தன்னையே நம்பமுடியாமல், மறுநாள் காலை பழைய போனை ஹால் அலமாரியில் சாய்த்து, ஆள் அசைந்தால் பதிவாகும்படி வைத்துவிட்டுப் போனாள்.

மாலை வந்ததும் போனை எடுத்துக்கொண்டு படுக்கையறைக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

பதினொன்று பத்து. படுக்கையறையிலிருந்து ஜெஃப்ரி வந்தான். ரயிலேறிய அதே நீலச் சட்டை. தீனியைக் கை நிறைய அள்ளிப் போட்டான். கையை முழங்கைவரை நீரில் விட்டுக் கலக்கினான். மீன்கள் திணறுவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு திரும்பினான். திறந்த கதவு வழியே கட்டில் தெரிந்தது. மண்டியிட்டான். குப்புறப் படுத்தான். கட்டிலுக்கு அடியில் ஊர்ந்தான். கடைசியாகப் பாதங்கள் உள்ளே போயின.

அடுத்த பதிவு. மாலை மூன்று ஐம்பது. அவள் உள்ளே வருகிறாள்.

நடுவில் எதுவுமில்லை.

கல்யாணமாகி ஏழு வருடம். நேற்று இரவும் அவள் இந்தக் கட்டிலில்தான் தூங்கினாள்.

இரண்டு கால்களும் தரையில். தூக்க முடியவில்லை.

"பாத்துட்டியா, ஜெரு?"

ஈரமான விரல்கள் அவள் கணுக்காலை மெல்ல, பழகிய விதமாய், சுற்றி மூடின.