நாலு மணிக் கொள்ளு

2006-இல் ஓஸ்வால்டுக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டு பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்கு வந்தேன். செத்துப்போன முதல் மனைவி டோரீனின் போட்டோக்களை எல்லாம் அவர் முன்பே எடுத்து வைத்துவிட்டிருந்தார். நல்ல மனுஷன் என்று நினைத்தேன். பின்அறைக் கம்ப்யூட்டரில் அவள் வளர்த்த குதிரை இருப்பது பிறகுதான் தெரிந்தது.

இன்டர்நெட்டில் குதிரை வளர்க்கும் விளையாட்டு அது. சுல்தான் என்று ஒரு கறுப்பு ஆண்குதிரை. ஆபீஸிலிருந்து வந்ததும் என் முகத்தைப் பார்க்கிறாரோ இல்லையோ, அதைப் பார்ப்பார். கொள்ளு போட்டு, ரோமம் தேய்த்துவிட்டு, விளையாட்டு தரும் மார்க்கை உரக்க வாசிப்பார்.

"கழுத்து, பத்துக்குப் பத்து. நடை, பத்துக்குப் பத்து. குணம்... ஓனருக்கு மட்டும் அடங்கும். டோரீன் வளர்ப்புன்னா சும்மாவா?"

நான் வைத்த மீன்குழம்புக்கு ஒருநாளும் மார்க் கிடைத்ததில்லை. உயிரோடு இருப்பவள் என்றால் குடுமியைப் பிடிக்கலாம், செத்தவளை என்ன செய்வது? வயிறு எரிந்தது. அவள் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை.

ஜூலையில் ஆபீஸ் வேலையாக அவர் ஒரு வாரம் சென்னைக்குக் கிளம்பினார்.

"பிரிஜெட், டெய்லி நாலு மணிக்கு சுல்தானுக்குக் கொள்ளு போட்டுடும்மா. டோரீன் போடுற டைம் அது. ஏழு நாள் பட்டினி கெடந்தா செத்துடும்."

சரி என்று தலையாட்டினேன். பட்டினி போட்டே அதைத் தீர்த்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம், எவ்வளவு இளைத்திருக்கிறது என்று பார்க்கக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். கொள்ளுத் தொட்டி நிறைந்திருந்தது. ரோமம் பளபளத்தது. கடைசியாகத் தீனி போட்டது: இன்று, மாலை நாலு மணி.

ஆத்திரத்தோடு அவருக்குப் போன் போட்டேன்.

"நான் தொடவே இல்லையேம்மா. மீட்டிங்குக்கே நேரம் பத்தல. நீதானே போடுற?"

நான் நம்பவில்லை. பாஸ்வேர்டை மாற்றினேன். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மறுநாள் நாலு மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் போனதிலிருந்து எவ்வளவு தின்றாலும் பசி அடங்கவில்லை. அன்றைக்கு அது மூன்றாவது தட்டுச் சோறு.

பூட்டிய அறைக்குள் மௌஸ் சொடுக்கும் சத்தம்.

ஒரு முறை.

பிறகு நிதானமாக, தேய்த்துவிடுவதுபோல, பல முறை.

கதவிடுக்கில் ஈர வைக்கோல் வாசனை வந்தது. திறந்தேன். யாரும் இல்லை. நாற்காலி மட்டும் சூடாக இருந்தது.

திரையில் சுல்தானுக்குப் பக்கத்தில் இன்னொரு குதிரை நின்றது. விலா எலும்பு தெரிய ஒரு பெட்டைக்குதிரை.

பெயர்: பிரிஜெட்.

கழுத்து, பத்துக்கு மூன்று. நடை, பத்துக்கு இரண்டு. குணம்: பொறாமை.

ஓனர்: டோரீன். நான்கு நாளாகத் தீனி இல்லை.

கொள்ளு போடும் பொத்தானை அழுத்தினேன். மறுபடி மறுபடி அழுத்தினேன்.

'ஓனர் மட்டுமே போடலாம்.'

இடுப்பிலிருந்து சாவி நழுவித் தரையில் விழுந்தது. பாவாடை அவ்வளவு தளர்ந்திருந்தது.

ஏழாம் நாள் என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. அவர் ராத்திரிதான் வருவார். அதுவரை தாங்கமாட்டேன் என்று தெரிந்துவிட்டது. நாலு மணிக்குத் தவழ்ந்துபோய் அந்த நாற்காலியருகே உட்கார்ந்தேன்.

"டோரீன் அக்கா..."

நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, எனக்கும் கொஞ்சம்."

நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. மௌஸ் ஒரு முறை சொடுக்கியது. என் வாயெல்லாம் கொள்ளு ருசித்தது.

பிறகு, ஒரு வாரமாகச் சீப்புப் படாத என் தலைமயிரை உச்சியிலிருந்து முதுகுவரை எதுவோ மெல்லத் தேய்த்துவிட்டது.

நான் அசையவில்லை.

திரையில் ஒரே ஒரு வரி மாறியிருந்தது.

குணம்: பழகி வருகிறது.