ஒரு காலடி அதிகம்

சூசையப்பன் டிரெட்மில்லை நிறுத்திய பிறகு ஒரு காலடி அதிகமாகக் கேட்டது.

அடுக்களையில் கப்பக்கிழங்குக்குத் தாளித்துக்கொண்டிருந்த அவர் மனைவி கத்தரீனாள் கரண்டியோடு அப்படியே நின்றாள். நான்கு நாளாக வண்டிப்பெரியாரில் மழை விடவில்லை. தகரக் கூரையில் ஓயாத இரைச்சல், காயாத துணிகளின் புளித்த வாடை, மதியம் மூன்று மணிக்கே ஜன்னல்களில் அப்பிக்கொண்ட மூடுபனி. அத்தனைக்கும் நடுவே அந்தச் சத்தம் தெளிவாக விழுந்தது. வெறுங்காலின் சத்தம். அவர் ஷூ போட்டல்லவா நடக்கிறார்?

"இறங்கிட்டீங்களா?"

"தண்ணி குடிக்கேன்டீ," என்றார் உள்ளறையிலிருந்து. சற்றுப் பொறுத்து மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்த மனிதர். மே மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஸ்டென்ட் வைத்து அனுப்பிய டாக்டர், தினம் அரை மணி நேரமாவது நடந்தே ஆக வேண்டும் என்றார். மழைக்காலத்து எஸ்டேட் ரோட்டில் வழுக்கலும் அட்டையும்; எங்கே நடப்பது? மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகள் ஜிஷாதான் வீட்டுக்கே ஒரு மெஷின் வாங்கச் சொன்னாள்.

தேர்ந்தெடுத்தது கத்தரீனாள். கடையில் பார்த்த முதல் மெஷினில் பெல்ட் குட்டை. அவர் எட்டிக் கால் வைத்தால் பின்னால் விழுவார். அடுத்தது மடக்கி வைக்கிற ரகம். பிடித்துக்கொள்ளக் கம்பியே இல்லை. மூன்றாவது, குமுளி ரோட்டில் ஒரு வீட்டில் விற்பனைக்கு நின்ற பழையது. கனமான மோட்டார், இடுப்பைத் தாண்டி நீளும் கைப்பிடிகள். தலைசுற்றல் உள்ளவருக்கு இதுதான் சரி என்று அவளுக்குப் பட்டது. விற்ற அம்மாள் அந்த அறைக்குள்ளேயே வரவில்லை. "நீங்களே ஏறிப் பாத்துக்கங்க" என்று நிலைப்படியிலேயே நின்றுகொண்டாள். பெல்ட்டை ஒதுக்கிப் பார்த்தால் அடிப்பலகையின் முன்பக்கம் தேய்ந்திருந்தது, எல்லாரும் நடக்கிற இடம். பின்பக்கமும் தேய்ந்திருந்தது.

"இங்க ஏன் தேஞ்சிருக்கு?"

அந்த அம்மாள் மழையைப் பார்த்தபடி, "எப்ப எடுத்துட்டுப் போவீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மெஷின் வந்த முதல் வாரம் அரை மணி நேரம் நடந்தார். அடுத்த வாரம் ஒரு மணி நேரம். போதும் இறங்குங்க என்றால், இன்னும் கொஞ்சம் என்பார். கன்னம் ஒட்டிப்போயிற்று. சாப்பிடும்போதும் அடிக்கடி தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

கத்தரீனாள் கிழங்கை இறக்கி வைத்த நேரம் கரண்ட் போனது. விளக்கு அணைந்தது. ஃப்ரிட்ஜின் முனகல் அடங்கியது. எதிர்வீட்டு டி.வி. அடங்கியது.

நடை அடங்கவில்லை.

தடக். தடக். ஷூவின் சத்தம். அதற்கு இடையிடையே ஈரமான, மெத்தென்ற இன்னொன்று.

ஓடினாள். மெஷினின் திரை இருண்டு கிடக்க, பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிடிகளை இறுகப் பற்றியபடி சூசையப்பன் சுவரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஷூக்களின் பின்பகுதி மிதிபட்டு நசுங்கி, காலுறை ரத்தத்தில் ஊறியிருந்தது. அவருக்குப் பின்னால் யாருமில்லை. பெல்ட் மட்டும் அங்கே அமுங்கியது. இடது. வலது.

"இறங்குங்க! இறங்குங்கன்னா!"

"முடியலடீ. நின்னா குதிகாலை மிதிக்கான்."

"யாரு?"

"திரும்ப விடமாட்டேங்கான், கத்தரீனா."

பிளக்கைப் பிடுங்கினாள். அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புச் சாவியை உருவி எறிந்தாள். பெல்ட் நிற்கவில்லை. போனில் டவர் இல்லை. ஜன்னலைத் திறந்து கத்தினாள். மழை அந்தக் குரலை முற்றம் தாண்டவிடவில்லை. நெஞ்சுவலி மாத்திரையை எடுத்து வந்து, கூடவே பக்கவாட்டில் நடந்து, அவர் நாக்குக்கு அடியில் திணித்தாள். உதடு சில்லென்று இருந்தது.

"சேசுவே, மரியே, சூசையே..."

பாதியில் ஜெபம் மறந்தது. அமுங்கிக்கொண்டிருந்த அந்த வெற்றிடத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நான்தானே இதை எடுத்தேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது. என்னை நடக்க வையி. அவரை விட்டுரு."

பின்காலடி நின்றது.

ஒரு மூச்சு நேரம். அவ்வளவுதான். பிறகு பெல்ட் அமுங்கியது, முன்னைவிட அவருக்கு நெருக்கமாக. சூசையப்பன் அலறினார்.

கத்தரீனாள் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தாள். விரல்கள் கம்பியை விடவில்லை. கடித்தாள். விட்டன. இருவரும் சிமெண்ட் தரையில் விழுந்தார்கள்.

பெல்ட் நின்றது.

மழை மட்டும் கேட்டது. மல்லாந்து கிடந்தவரின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "முடிஞ்சுது. ஒண்ணுமில்ல. முடிஞ்சுது," என்று வியர்வையைத் துடைத்தாள். நெஞ்சில் கை வைத்தாள். காத்திருந்தாள். குனிந்து காதை வைத்தாள்.

ஒன்றுமில்லை.

கண்கள் கூரையை இமைக்காமல் பார்த்திருந்தன. அப்போது தரையில் ஏதோ உரசியது.

அவருடைய ஷூ.

வலது. இடது. வலது.

முழங்கால்கள் மடங்கி நீண்டன. மடங்கி நீண்டன. ஒவ்வொரு எட்டுக்கும் குதிகால்கள் தரையில் ரத்தக்கோடு இழுத்தன. ஒவ்வொரு எட்டுக்கும் அவர் தலை அவள் மடிக்குள் இன்னும் கொஞ்சம் அழுந்தியது. அவள் கையின் கீழே நெஞ்சு அசையவில்லை. கால்கள் நடந்துகொண்டே இருந்தன.