நாலாம் ஞாயிறு

ஸ்ரீரங்கத்தில் மேலூர் போகிற சாலையில், தென்னந்தோப்பை ஒட்டி ஒரு பழைய மாடி வீடு. சனிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு ஜெஸிமா அங்கே வண்டியை நிறுத்தியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. பேய்க்கதைக்கு இது நேரமா என்று கேட்பீர்கள். செத்தவர்களுக்கு நாமா நேரம் குறித்துக் கொடுக்கிறோம்?

வீட்டுக்கார வகுளா மாமி வாசலில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. பாட்டு வேலை முடிஞ்சுடுத்துன்னு நெனச்சேனே."

"கொஞ்சம் பாக்கி மாமி. இன்னைக்கு முடிஞ்சிரும்."

"உங்க பாட்டுக்காரப் பிள்ளை கார்த்தாலயே வந்துட்டார். எண்ணிண்டே இருக்கார். ஒண்ணு, ரெண்டு, மூணுங்கறார், நிறுத்திடறார். நாலு சொல்ல மாட்டேங்கறார். கேக்கற எனக்குத்தான் தொண்டைல என்னமோ அடைச்சுண்டாப்ல இருக்கு."

படியேறப் போன கால் அங்கேயே நின்றது. பாட்டுக்காரப் பிள்ளை என்றால் லூர்து. லூர்து செத்து ஏழு மாதம் ஆகிறது. அப்போது மாமி பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தார், யாரும் அவரிடம் சொல்லவில்லை. மேலே இளவரசன் பழைய ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டிருப்பான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு ஜெஸிமா ஏறினாள்.

இவர்கள் மூன்று பேர் சேர்ந்தது ஒரு ராக் பேண்ட். ஜெஸிமா டிரம்ஸ், இளவரசன் கிட்டார். எழுதுவதும் பாடுவதும் லூர்து. பாலக்கரை மாதா கோயிலில் லூர்துக்கு மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று வாரம் பூசையில் மாப்பிள்ளை பெண் பேரைச் சொல்லி ஊரறிய அறிவிப்பார்களே, அது. நாலாம் ஞாயிறு இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டியாகக் கோயிலுக்குள் வந்திருக்க வேண்டும். மூன்றாம் ஓலைக்கு மறுநாள் அந்தப் பெண் வேறொருவனோடு போய்விட்டாள்.

அந்த வலியை வைத்துத்தான் ஆல்பம். 'நாலாம் ஞாயிறு' என்று பெயர். ஒரே மனிதன், மாதா கோயிலில் ஒரே பெஞ்சு, ஒன்பது பாட்டு. முதல் பாட்டில் நம்ப மாட்டேன் என்பான், நடுவில் சபிப்பான், கெஞ்சுவான், ஒன்பதாவதில் போனதைப் போனது என்று ஏற்றுக்கொள்வான். எட்டுப் பாட்டை இதே வீட்டில், ஒரே அறையில், மூன்று பேரும் நின்று வாசித்துப் பதிவு செய்தார்கள். ஒன்பதாவதை மட்டும் லூர்து எழுதவில்லை.

"இன்னும் மனசு ஆறல ஜெஸி. ஆறாம எழுதினா பொய்யாயிரும்" என்றான்.

ஒவ்வொரு பாட்டுக்கும் அவன் டிரம்ஸைப் பார்த்து நின்று மூன்று வரை எண்ணுவான். நாலைச் சொல்ல மாட்டான். நாலு என்பது ஜெஸிமாவின் முதல் அடி. "எனக்கு நாலு வராது. அது ஜெஸியோடது" என்று சிரிப்பான். சிரிக்கும்போது சித்தரத்தை வாசம் வரும். தொண்டைக்காக எந்நேரமும் ஒரு துண்டை வாயில் அடக்கியிருப்பான்.

டெங்கு வந்தது. ஐந்தே நாள். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜெஸிமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் குரல்லயே வெளிய வரணும், பாத்துக்க" என்றான். அவள் சரி என்று தலையாட்டினாள்.

மாடியில் இளவரசன் ஏசியைப் போட்டு வைத்திருந்தான். கூட இருந்தே குழி பறிக்கிறவனுக்குக் கொம்பா முளைத்திருக்கும்? மாம்பழ ஜூஸ் வாங்கி வைத்திருந்தான். அவளுக்குப் பிடித்த கடையில்.

"காலைல பழைய ரெக்கார்டிங் போட்டியா இளா?"

"நானே அரை மணி முன்னாடிதான் வந்தேன். ஏன்?"

அவள் பதில் சொல்வதற்குள் அவன் முதல் பாட்டை ஓடவிட்டான். கிட்டார் வந்தது. அவளுடைய டிரம்ஸ் வந்தது. லூர்துவின் வரி வந்தது. லூர்து வரவில்லை. பாடியது இளவரசன்.

"என்னடா இது?"

"கத்தாத, சொல்றதக் கேளு. சென்னைக் கம்பெனில இல்லாத ஆள வச்சு எப்படி மேடை போடுறதுன்னு கேக்குறாங்க. நான் பாடினா ஒத்துக்குறாங்க. வரி அவனோடதுதானே? அவன் பேரு இருக்கும்."

"அவங்க அம்மாகிட்ட கேட்டியா?"

"கேக்காமலா? புஷ்பம்மா சரின்னுட்டாங்க. உன் இஷ்டம்ப்பான்னு அழுதாங்க."

பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னான். எல்லோரும் ஒரே அறையில் வாசித்ததால் டிரம்ஸுக்கு வைத்த மைக்குகளிலும் லூர்துவின் குரல் விழுந்திருந்தது. பாடகன் மைக்கில் இருந்ததை இளவரசன் ஏற்கெனவே அழித்துவிட்டான், தன் கிட்டாரையும் புதிதாக வாசித்துவிட்டான்; ஆனாலும் டிரம்ஸுக்கு அடியில் லூர்து பாடிக்கொண்டே இருந்தான். அதனால் ஜெஸிமா எட்டுப் பாட்டையும் தனியாக மறுபடி வாசித்துத் தர வேண்டும். கூடவே ஒன்பதாவதையும். லூர்து எழுதினது என்று சொல்லிக்கொள்வதற்காக அதை இளவரசனே எழுதியிருந்தான். 'எல்லாரையும் மன்னிச்சிட்டேன்' என்று முடிந்தது பாட்டு.

லூர்துவின் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடம் அவள் அடித்த அடிகளுக்குள். அதைத் துடைக்கத்தான் இளவரசன் அவளைக் கூப்பிட்டிருக்கிறான். ஜெஸிமாவுக்கு அது நன்றாகவே புரிந்தது. எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. கே.கே. நகர் ஆபீசில் கம்ப்யூட்டர் முன் வீணாகப் போகிற பகல்களுக்கெல்லாம் அவளிடம் இருந்த ஒரே ஆறுதல் இந்த ஆல்பம். லூர்துவின் அம்மாவே சரி என்ற பிறகு நமக்கென்ன என்று மனசு சாக்குத் தேடிக் கொடுத்தது. மனசைப் போல் வக்கீல் உண்டா?

சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்த அறை. கதவைச் சாத்தினால் தெருவில் போகும் பஸ் சத்தம்கூட வராது. ஜெஸிமா ஹெட்போனை மாட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இளவரசன் கட்டைவிரலைக் காட்டினான். எண்ணுவதற்கு ஆள் இல்லை, காதில் மெஷினின் டிக் டிக் மட்டும்.

முதல் பாட்டு நன்றாகத்தான் போனது. இரண்டாவதில் ஏதோ ஒரு வாசம். மெத்தையின் புழுக்க வாசம் என்று நினைத்தாள். நாலாவதில் அது தெளிவாகத் தெரிந்தது.

சித்தரத்தை.

ஏசி குளிரிலும் அவள் பிடரி வியர்த்தது. ஆறாவதில் மெஷினின் டிக் சத்தத்துக்குப் பின்னால் யாரோ மூச்சு இழுப்பது கேட்டது. பாட்டுக்கு முன் பாடகர்கள் இழுப்பார்களே, அப்படி. அவள் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். எட்டு முடிந்தது. ஒன்பதும் முடிந்தது. ஒன்பதில் வாசமும் இல்லை, மூச்சும் இல்லை. தன் பக்கத்தில் இருந்த யாரோ எழுந்து போய்விட்டது போல அறை காலியாக இருந்தது.

வெளியே வந்ததும் முதல் வேலையாக லூர்துவின் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"பாட்டு வந்துருச்சாம்மா?" என்றார் மரியபுஷ்பம், எடுத்த எடுப்பிலேயே. "எப்ப வரும்னு கேக்கலாம்னுதான் இருந்தேன். அவன் குரலக் கேட்டு எம்புட்டு நாளாச்சு."

"இளா உங்ககிட்ட எதுவும் கேட்டானாம்மா?"

"அந்தத் தம்பி அடக்கத்துக்கு வந்ததுதான். அப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலையே. ஏம்மா?"

ஜெஸிமா போனை வைத்தாள். உள்ளே போய் இளவரசனின் நாற்காலியைப் பிடித்துத் திருப்பினாள்.

"பழைய டிரம்ஸ் எங்கடா? எனக்கு அது வேணும்."

"அழிச்சுட்டேன் ஜெஸி. நீ வாசிச்சுக்கிட்டு இருக்கும்போதே." குரலில் ஒரு கூச்சமும் இல்லை. "நீ வாசிச்சதாலதான் அழிச்சேன்."

பொய் அவனுடையது. அடித்த கை அவளுடையது.

சமாதானம் செய்கிறவன் போல இளவரசன் புதுப் பதிவை ஓடவிட்டான். டிரம்ஸ் மைக் மட்டும். கதவு சாத்திய அறையில் அவள் ஒருத்தி தனியாக வாசித்தது.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

அவளுடைய முதல் அடி விழுந்தது.

இளவரசனின் கை அப்படியே நின்றது. "பழசு கலந்துருச்சு" என்று முணுமுணுத்தான். அடுத்த பாட்டைத் தட்டினான். ஒண்ணு, ரெண்டு, மூணு, அடி. அடுத்தது. அதுவும் அப்படியே. எட்டுப் பாட்டிலும் லூர்து எண்ணினான், அவள் நாலாக இறங்கினாள். ஏழு மாதத்துக்கு முன் எப்படியோ அப்படியே.

"ஒன்பதாவதப் போடு" என்றாள்.

"வேணாம் ஜெஸி."

"போடுடா."

லூர்து உயிரோடு இருந்தபோது அந்தப் பாட்டே கிடையாது. அதில் அவன் குரல் கலக்க வழியே இல்லை.

"ஒண்ணு."

மைக்குக்கு மிகப் பக்கத்தில்.

"ரெண்டு. மூணு."

ஒரு இடைவெளி. சித்தரத்தையைக் கடிக்கிற மெல்லிய சத்தம்.

"நாலு."

அதற்குப் பிறகுதான் அவள் அடி விழுந்தது. ஒரு எண்ணிக்கை தாமதமாக. இத்தனை வருஷத்தில் ஜெஸிமா ஒரு அடி பிந்தியதில்லை.

இளவரசன் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினான். அவள் அந்த ஒன்பது பதிவையும் தன் போனில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினாள். "நாலு சொல்லிட்டார் போலிருக்கே" என்றார் வகுளா மாமி நிம்மதியாக. "இப்பத்தான் கேட்டுது."

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து மரியபுஷ்பம் வீடு திரும்பும் நேரம் பார்த்து ஜெஸிமா பாலக்கரையில் அவர் வீட்டு வாசலில் நின்றாள். எல்லாவற்றையும் சொல்லிக் காலில் விழுந்துவிடத்தான் போனாள். அந்த அம்மா சொல்லவிடவில்லை. கையிலிருந்த போனைப் பார்த்ததும், "கொண்டாந்துட்டியா?" என்று வாங்கி, முந்தானையால் துடைத்து, காதோடு வைத்துக்கொண்டார்.

பாட்டு இல்லை, வெறும் டிரம்ஸும் எண்ணிக்கையும்தான். அதுவே போதும் என்பது போல எட்டையும் கேட்டார். ஒவ்வொரு மூணுக்கும் அவர் முகம் மலர்ந்தது. "எம் புள்ளதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒன்பதாவது ஓடும்போது முகம் மாறியது. திரும்பப் போட்டுக் கேட்டார்.

"ஏம்மா, மூணோட நிறுத்திருவானே. நாலு ஜெஸிமாவுக்குன்னு அவன் சொல்லாத நாளில்ல." போனை மேசைமேல் வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "இப்ப ஏன் அவனே சொல்லிக்கிறான்?"

ஜெஸிமா கை நீட்டிப் போனை எடுத்து அணைத்தாள்.

திரை இருண்டது. வீட்டுக்குள் சித்தரத்தை வாசம் பரவியது. அணைத்த போன் அவள் உள்ளங்கையில் மெல்ல அதிர்ந்தது.

"ஒண்ணு" என்றான் லூர்து.