இல்லாத விரலில் மை

போன் அடித்தது.

திரேசா ரொட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு எடுத்தாள்.

"தங்கச்சி, நான் றக்வான டவுன் கடை பயாஸ் நானா. இண்டைக்கு உங்கட தோட்டத்து ஸ்கூல்ல கட்சி ஏஜென்ட் வேல."

"சொல்லுங்க நானா."

"டீ குடிக்க வெளிய வந்தேன்... உங்கட புருஷன் அருமைநாயகம் காலைல ஏழு மணிக்கே வோட்டுப் போட்டுட்டுப் போயிட்டாரு."

ரொட்டி கருகியது.

நாலு வருஷம்!

சட்டைப் பையில் அடையாள அட்டையோடு டவுனுக்குப் போன மனிதர் திரும்பவே இல்லை. செத்துப்போனார் என்று எழுதிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அதனால் வாக்காளர் இடாப்பில் அவர் பெயர் அப்படியே இருந்தது. போன வாரம்தான், டவுன் வழியில் தண்ணீர் தேங்கிப் பாழடைந்து கிடக்கும் மாணிக்கக் குழியை இறைத்துப் பாருங்கள் என்று பொலிஸில் அழுதுவிட்டு வந்தாள். ஜனாதிபதித் தேர்தல் முடியட்டும் என்றார்கள்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

பள்ளிக்கூட வாசலில் பயாஸ் நின்றிருந்தார்.

"ஆளப் பாத்தீங்களா நானா?"

"எங்க பாக்க? பேர வாசிச்சாங்க. உங்கட 'ஆளக் காணல்ல' நோட்டீஸ் என்ட கடைச் செவத்துல ஈக்கிறதால காதுல பட்டிச்சு. லிஸ்ட்ல கோடு போட்டுட்டு நிமிர முந்தி ஆள் போயிட்டாரு."

"மை... எந்த வெரல்ல வச்சாங்க?"

"எல்லாருக்கும் போல இடது கை சுண்டு வெரல்தான். வேற வெரல்ல வெச்சா சத்தமா சொல்லுவாங்க. ஒண்டும் சொல்லல்ல."

திரேசா தன் இடது சுண்டு விரலை மடக்கிக் காட்டினாள்.

"அவருக்கு அந்த வெரலே கெடையாதுங்க... தேயில பெக்டரி ரோலர்ல போயிருச்சு."

அரை மணி நேரம்கூட அவளுக்குப் புருஷன் நிலைக்கவில்லை. கேவிக் கேவி அழுதாள்.

ஆட்டோ ஒன்று வந்து நின்றது. இறங்கியவன் ரெஜினோல்ட். அருமைநாயகத்தின் தம்பி. அண்ணனை உரித்து வைத்த முகம். நாலு வருஷமும் அவளோடு சேர்ந்து தேடியவன்.

"அண்ணி, கேள்விப்பட்டேன். அண்ணன் உசுரோட இருக்காரு. இனி குழிய எறைக்க வேணாம்னு பொலிஸ்ல சொல்லிரலாம்."

கண்ணைத் துடைத்தான். துடைத்த கையில், சுண்டு விரலில், மை.

"நீ வோட்டுப் போட்டியா தம்பி?"

"காலையிலயே போட்டுட்டேனே..."

"நானா, அவரு பேருக்குக் கீழ உள்ள பேரு ரெஜினோல்ட். கோடு விழுந்திருக்கா?"

பயாஸ் கையிலிருந்த லிஸ்டைப் பார்த்தார்.

"இல்ல தங்கச்சி. விழல்ல."

காவலுக்கு நின்ற சார்ஜன்ட் திரும்பினார். ரெஜினோல்டின் சட்டைப் பையைத் துழாவினார்.

அருமைநாயகத்தின் அடையாள அட்டை!

"அண்ணன் பேருல இருந்த லயக் காம்பிரா வீட்ட எம் பேருக்கு மாத்தச் சொன்னேன் அண்ணி... மாட்டேன்னாரு. ஒரு தள்ளுதான்... குழிப்பக்கம் நிக்கிறோம்னு நெனைக்கல... பையில இருந்த அட்டை மட்டும் மேல விழுந்து கெடந்துச்சு..."

"எங்கூட சேந்து தேடுனியேடா."



மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை குழி வற்றியது. எலும்புதான் மிச்சம். ஒன்பது விரல்கள். திரேசா மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

தூரத்தில் யாரோ வெடி கொளுத்தினார்கள். நாட்டுக்குப் புது ஜனாதிபதி வந்துவிட்டார்.

சார்ஜன்ட் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பெட்டியில விழுந்தத எடுக்க ஏலாதும்மா. ஒங்க புருஷன் பேருல விழுந்த வோட்டு யார ஜெயிக்க வச்சிச்சோ..."

திரேசா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஜெயிச்சவரத் தெரியாதுங்க சார். தோத்தவன நீங்கதான் உள்ள வச்சிருக்கீங்க."