மனமறி இயங்குதளம்

வீட்டுக் கணினி கேள்வி கேட்பதை நிறுத்திக் கொஞ்ச நாளாகிறது. செங்குட்டுவன் வீட்டில் இப்போது யாரும் எதற்கும் வாய் திறப்பதில்லை. தாகம் எடுத்தால் தண்ணீர் வரும், வியர்த்தால் காற்று வரும்.

பழைய இயங்குதளம் இருக்கிறதே, அது பெரிய நச்சரிப்பு. விளக்கை அணைக்கக்கூட 'அணைக்கலாமா? உறுதியா?' என்று கேட்டு உயிரை வாங்கும். "வீட்டுல நீங்க கேக்கிற கேள்வி போதாதா எனக்கு?" என்று மனைவி மிருதுளா சலித்துக்கொண்ட பிறகுதான் இருவரும் கடைக்குப் போனார்கள். விற்பனைப் பெண் 'மனமறி'யைக் காட்டினாள். சுவரில் பதிக்கும் உணர்கண்கள் முகத்தையும் நாடித்துடிப்பையும் படித்து, வீட்டுக்காரர் விரும்புவதை அறிந்து செய்துவிடுமாம். வாய்ப்பேச்சை அது பொருட்படுத்தாதாம்.

"சொன்னாக்கூடக் கேக்காதா?" என்றான் செங்குட்டுவன்.

"மனுஷங்க ஒண்ணு நினைச்சுக்கிட்டு ஒண்ணு சொல்லுவாங்க சார். அதைக் கேட்டா குழப்பம்தான். இருக்கிறதுலயே சுலபமானது இதுதான்."

அப்புறம் என்ன, அன்றைக்கே வாங்கிவிட்டார்கள்.

இன்று காலை அவனுடைய அக்கா பூங்கோதை வந்தாள். அம்மா போனபின் அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியவள். அவன் ஒரு வேலையில் உட்காரும்வரை தன் கல்யாணப் பேச்சையே யாரையும் எடுக்கவிடாதவள். இப்போது கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கையில் ஒரு பெரிய பெட்டி.

"தனியா இருக்க முடியலடா தம்பி. கொஞ்ச காலம் உன்கூட இருந்துக்கட்டுமா?"

அவனுக்குச் சுருக்கென்றது. கண் தானாகப் பெட்டியின் அளவைப் பார்த்தது. ஆனால் வந்தவர்களிடம் சொல்லவென்றே நாம் எல்லாரும் ஒரு பேச்சு வைத்திருக்கிறோமே, அது வழுக்கிக்கொண்டு வந்தது.

"என்னக்கா இப்படிக் கேக்கிற? இது உன் வீடு. எத்தனை நாள் வேணும்னாலும் இரு. முதல்ல சாப்பிடு."

மிருதுளாவும், "ஆமா அண்ணி, நாங்களே கூப்பிடணும்னு இருந்தோம்" என்றாள்.

சமையலறை அசையவில்லை. விருந்தினர் அறைக் கதவு சாத்திக்கொண்டது. சுமைதூக்கி எந்திரம் உருண்டுவந்து பூங்கோதையின் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போயிற்று. வாசலில் ஓட்டுநரில்லா வாடகை வண்டி ஒன்று வந்து நின்று கதவைத் திறந்தது.

செங்குட்டுவன் முகத்தில் ஈயாடவில்லை. "புது மெஷின்க்கா. ஏதோ கெட்டுப்போச்சு போல" என்று அசடு வழிந்தான்.

பூங்கோதை சுவரிலிருந்த உணர்கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எங்க மாடி வீட்டுலயும் இதைத்தான் வச்சிருக்காங்க தம்பி" என்றாள். அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "உடம்பைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "வண்டியைத் திருப்பு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். சொன்னால் ஆகாது என்பது நினைவுக்கு வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அக்கா திரும்பி வரவேண்டும் என்று நினைத்துப் பார்த்தான். மிருதுளாவும் பக்கத்தில் வந்து நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

தெருமுனையில் வண்டி திரும்பி மறைந்தது. வாசற்கதவு தானாகத் தாழிட்டுக்கொண்டது. சமையலறையிலிருந்து சூடாக இரண்டு காபி வந்தது.

செங்குட்டுவன் மனைவியின் முகத்தைப் பார்க்கக் கூசிப்போய் நின்றான். பிறகு கையை நீட்டி ஒன்றை எடுத்துக்கொண்டான்.