கணுக்கால் தண்ணீர்

கடைசிப் படியில் நின்றபடி செலீனா கால்விரலால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள். வெயிலே படாமல் மண்ணுக்கடியில் கிடக்கும் தண்ணீர், யாரோ அப்போதுதான் குளித்துவிட்டு எழுந்துபோன தொட்டியைப்போல வெதுவெதுப்பாக இருந்தது.

அசாம் ஜாவா என்ற ஊருக்கு உள்ளே, சனங்கள் காலி செய்துவிட்ட செம்பனைத் தோட்டம் அது. வெள்ளைக்காரன் காலத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குத் தண்ணீர் கொடுத்த நிலத்தடித் தொட்டி அங்கே இருப்பதாக அவள் கணவன் கில்பர்ட் கேள்விப்பட்டிருந்தான். பழைய கட்டடம் என்றால் அவனுக்குப் பைத்தியம். கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் விடுமுறையில், கடலோர ஊரான செகிஞ்சானில் மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில், எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று அவளையும் இறக்கிக் கூட்டி வந்துவிட்டான்.

செங்கல் தூண்கள் வரிசை வரிசையாக இருட்டுக்குள் போயின. பாசியும் துருவும் கலந்த வாடைக்கு அடியில், தூங்கி எழுந்தவர் வாயிலிருந்து வருவதைப்போல இன்னொரு வாடை. மேலே செம்பனை மட்டைகள் உரசும் ஓசை கீழே வந்து சேரும்போது யாரோ மூச்சு விடுவதைப்போலக் கேட்டது. கில்பர்ட் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நடந்தான். அவன் கைப்பேசி வெளிச்சம் தூணுக்குத் தூண் நகர்ந்தது.

பிறகு நின்றது.

தண்ணீர் அவன் முழங்காலில் இருந்தது. அவள் நின்ற படியில் தண்ணீர் கொஞ்சமும் ஏறவில்லை. பள்ளமாக இருக்கும், வந்துவிடுங்கள் என்றாள்.

"பள்ளம் இல்ல, செலீனா. சிமெண்டுத் தரைதான். நின்னுகிட்டுதான் இருக்கேன்."

இப்போது இடுப்பளவு. காலைத் தூக்க வரவில்லை என்றான். அவள் ஓடினாள். அவன் பக்கத்தில் போய் நின்றபோதும் அவளுக்குக் கணுக்கால் அளவுதான். அவனுக்கு நெஞ்சளவு. அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். நட்டு வைத்த கல்லைப்போல அசையாமல் இருந்தான். மேலே பார்த்துக் கத்தினாள். கேட்க ஒருவரும் இல்லை.

"கைய மட்டும் விட்டுறாத லா," என்றான் மெதுவாக, அவள் கையைப் பற்றிக்கொண்டு.

கழுத்து. வாய். அவளையே பார்த்துக்கொண்டிருந்த கண்கள்.

கைப்பேசி தண்ணீருக்குள் விழுந்து எரிந்துகொண்டே கிடந்தது. தெளிந்த தண்ணீர். கீறல் இல்லாத சிமெண்டுத் தரை. அதன்மேல் அவளுடைய இரண்டு பாதங்கள். வேறெதுவும் இல்லை.

தண்ணீருக்கு மேலே மணிக்கட்டு வரை அவன் கை. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. விரல்கள் சூடாக இருந்தன. அவள் கையை இறுக்கிக்கொண்டே இருந்தன.